ஊசிக்கும் தட்டுக்கும் நடுவில்

முதலில் வேர்த்தது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். வீட்டில் சர்க்கரை நோயாளியை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டவருக்குக் காரணமில்லாமல் வேர்க்கிறதென்றால் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

என் கணவர் ஏழுமலை பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்பவர். எங்கள் வீடு கோட்டைக்குப்பத்தில். நான்கு வருடங்களுக்கு முன் அவர் கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள், இன்சுலின் (இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) கொடுத்தார்கள். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். குடியை அன்றோடு நிறுத்தினார். விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன பயத்தில் நிறுத்தினார், எனக்காக அல்ல.

குடித்த காலத்தில் என்னை அடித்திருக்கிறார். ஒரு அறை, இரண்டு அறை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை தலைமுடியைப் பிடித்து வாசற்படியில் மோதினார். இன்றும் கொட்டாவி விட்டால் என் இடது தாடை சொடுக்குப் போடும். அவர் குடியை விட்ட அன்று நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். இனி கை நீட்டினால் அந்தக் கையை உடைப்பேன் என்றேன். சிரித்தார்.

பாஸ்தாவை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகள் தீபா. நைனாவுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காகத் தினமும் சப்பாத்தியா என்று அலுத்துக்கொண்டு போனில் தேடினாள். கோதுமை பாஸ்தா ஒரு பாக்கெட், தக்காளி, முருங்கைக்கீரை, ஏலத்தில் போகாத பொடி இறால். சீஸ் வாங்கக் கட்டுப்படியாகாது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் முட்டையை அடித்துக் கலந்து மேலே ஊற்றினால் போதும். அப்படியே அனலில் வேகவிட வேண்டும்.

அதற்கு வேண்டிய ‘அவன்’ அடுப்பு எங்களிடம் கிடையாது. அடி கனத்த குண்டானில் உப்பையோ மணலையோ பரப்பிச் சூடாக்கி, நடுவில் தட்டை வைத்து மூடினால் அதுவே ‘அவன்’ அடுப்பு என்றாள். உப்பை ஏன் வீணாக்க வேண்டும், இங்கே மணலுக்கா பஞ்சம் என்று நான்தான் கரைக்குப் போய் அள்ளி வந்தேன். கரை மணல் ஈரம். அது காய்வதற்கே அரை மணி நேரம் பிடிக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று எங்கள் பாடு (ஏரியில் முறை வைத்து வலை விடும் நாள்). விடியலிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் வலை இழுத்துவிட்டு வந்திருந்தார். மதியம் பாதிச் சோறுதான் உள்ளே போயிருந்தது. விளக்கு வைத்ததும் வழக்கம்போல ஊசியைத் தானே போட்டுக்கொண்டு, ஆயிற்றா என்று கேட்டார். இதோ ஆச்சு என்றேன். குண்டானில் மணல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து மறுபடி கேட்டார், இதோ என்றேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தட்டைத் துணியால் பிடித்து இறக்கியபோது அவர் சமையலறை வாசலில் நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறியது.

"எங்கடி என் வலை?"

எந்த வலை என்று நான் கேட்பதற்குள் தட்டைத் தட்டிவிட்டார். கொதிக்கிற பாஸ்தா என் முன்கையில் கொட்டி ஒட்டிக்கொண்டது. நான் அலற, என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். விலக்க வந்த தீபாவின் இடுப்பில் ஒரு உதை விட்டார். அவள் பாத்திரங்களோடு போய் விழுந்தாள்.

மகளை உதைத்ததைப் பார்த்த பிறகு எனக்கு யோசனை என்று எதுவும் இல்லை. கதவோரம் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தேன். முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் மூன்றாவதாக அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் பக்கம் குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுபவனைக் கரையில் ஏற்றி வைத்த படகோடு கட்டிப்போடுவார்கள். தெளியும்வரை அவிழ்க்க மாட்டார்கள். அவருடைய அண்ணன் தேசப்பனும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து, முறிந்த கையோடு அவரை இழுத்துப் போய்க் கட்டினார்கள். திமிறினார், கடித்தார். தேசப்பன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

"போதை எறங்குது. வுடு, தூங்கட்டும்" என்றார் தேசப்பன்.

நாலு வருஷமாக வேஷமா போட்டாய் என்று கேட்டு நான் அவர் முகத்தில் துப்பினேன்.

தீபா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவள்தான் அவர் வாயருகே குனிந்தாள்.

"அம்மா, நைனா வாயில சரக்கு வாசனையே இல்லம்மா. ஒடம்பு ஐஸ் மாரி கீது."

அப்போதுதான் எனக்கு ஊசி ஞாபகம் வந்தது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் தீபா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தாள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் இறங்கிவிடும் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் தடுத்தார்கள். கயிற்றை அறுத்து மணலில் கிடத்தினோம். வலிப்பு வந்து அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டரில் எண்ணே வரவில்லை, அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது.

இதற்குப் பெயர் ஹைப்போகிளைசீமியா (இரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறைந்துபோவது). ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே எனக்குப் புரியவைத்தார்.

"மூளைக்குச் சர்க்கரைதாம்மா சாப்பாடு. அது கிடைக்கலன்னா மனுஷன் நிதானத்துல இருக்க மாட்டான். பாக்கறவங்களுக்குக் குடிகாரன் மாதிரிதான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் கட்டி வெச்சிருந்தா இவர் எழுந்திருக்கவே மாட்டார். உங்களை அடிச்சது இவர் இல்ல, அதை ஞாபகம் வெச்சுக்கோங்க."

தலையாட்டினேன். நடைபாதைக்கு வந்ததும் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படியானால் என் தாடையை உடைத்தது யார்? படியில் மோதியது எந்தச் சர்க்கரை? சாகக் கிடந்தவரை மூன்று அடி அடித்தேனே, அதற்கு எனக்கு எந்த வியாதி? வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை.

கண் திறந்தபோது அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கை இன்னாச்சு என்று கேட்டார். நான் உடைச்சேன் என்றேன். என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். வாரக்கணக்கில் அவரை நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஊசி போட்டேன். நான் கரண்டியைத் தூக்கினால் அவர் உடம்பு ஒடுங்கும். அவர் நெற்றி வேர்த்தால் என் கை தானாகக் கழுத்தை மறைக்கும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். தீபா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் அவரே கேட்டார், அன்றைக்குச் செய்ததை மறுபடி செய், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லையே என்று. மணலை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். பாஸ்தாவை வேகவைத்து இறக்கி, மூடி போட்டு அவர் எதிரில் வைத்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். மூடியிருந்த தட்டைச் சுற்றி மூன்று பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கை முழுதாக மடங்குவதில்லை. வாயைத் தட்டுக்குக் கொண்டுபோய்த்தான் சாப்பிட வேண்டும். அப்படிக் குனிந்து நாலு வாய் சாப்பிட்டார். நிமிராமலே சொன்னார்.

"அன்னைக்கு அடிச்சது சக்கரைன்னு சொன்னாங்க இல்ல? அதுக்கு முன்னால அடிச்சதெல்லாம் நான்தான்."

மன்னித்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

முன்பெல்லாம் எனக்குப் பொழுது ஏரியைப் பார்த்து விடியும், அடையும். இப்போது ஒரு நாள் என்றால் காலையில் ஓர் அரை மணி, இரவில் ஓர் அரை மணி. தட்டு எதிரில் இருந்தாலும் ஊசி போட்ட பிறகு அந்த அரை மணி முழுக்க அடிக்கடி அவர் பிடரியைத் தொட்டு ஈரமா என்று பார்க்கிறேன். என் கை பட்டதும் அவர் தோள் ஒடுங்குகிறது. அரை மணி முடிந்து பிடரி காய்ந்திருந்தால், சாப்பிடு என்கிறேன்.