சந்திரகலாவின் ரகசியக் கேள்வி

கவரைப்பேட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு பொறியியல் கல்லூரி. அதன் அலுவலகத்தில் சந்திரகலா ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள். பதவி அலுவலக உதவியாளர். செய்த வேலைகளுக்குத் தனித்தனியாகப் பெயர் வைத்தால் ஒரு பக்கம் போதாது.

ஆரணியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். விசைகளைப் பார்க்காமல் அடிப்பாள். அடித்துக்கொண்டே பேசுவாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் காலை மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் வந்து இறங்குவாள். ஏறினால் உட்காருவதற்குள் இறங்க வேண்டும் என்பதால் எப்போதும் கதவருகே நின்றே வருவாள்.

2007ஆம் வருடம் பல்கலைக்கழகம் ஓர் இணையதளம் திறந்தது. முதல் பக்கத்தில் மூன்று பொத்தான்கள். மாணவர், ஆசிரியர், அலுவலர். வருகைப் பதிவு, அகமதிப்பெண், ஹால் டிக்கெட் எல்லாம் இனி அதன் வழியாகத்தான் என்று சுற்றறிக்கை வந்தது. முதல்வர் படித்தார், கையெழுத்துப் போட்டார், சந்திரகலாவின் மேஜைக்கு அனுப்பினார்.

ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பாதிப் பேருக்கு இல்லை. இருந்தவர்களுக்கு பாஸ்வேர்டு நினைவில்லை.

"உன்னுதையே போட்டுடும்மா" என்றார் இயந்திரவியல் துறைத்தலைவர் இராமலிங்கம். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

முப்பத்தெட்டுப் பேருக்கும் தன் முகவரியைப் போட்டாள். அதன் பிறகு பல்கலைக்கழகம் யாருக்கு எது அனுப்பினாலும் அவளுக்கு வந்தது. அச்செடுத்து, மடித்து, அவரவர் மேஜையில் வைத்தாள். யாருக்கும் இதில் குறை இருக்கவில்லை.

பதிவு செய்யும்போது ஒரு ரகசியக் கேள்வியும் உண்டு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். படித்த முதல் பள்ளி, தாயின் சொந்த ஊர், பிடித்த உணவு. முதல் இரண்டுக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம். மதியம் எல்லோரும் ஒரே அறையில்தான் டப்பாவைத் திறக்கிறார்கள். அவள் பார்த்து வந்து எழுதினாள்.

கடைசியில் தனக்கு. அவளுக்கு இரண்டு கணக்கு. ஒன்று அலுவலராக. இன்னொன்று மாணவியாக. அதே பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள்.

டிகிரி இருந்தால் இளநிலை உதவியாளர் பதவி தருவதாகக் கல்லூரி சொல்லியிருந்தது. பதினேழு தாள் தேறிவிட்டாள். ஒன்று மட்டும் பாக்கி, இந்தியப் பொருளாதாரம். இரண்டு முறை போய்விட்டது. 2009 மே மாதத்தோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. இந்த முறை எழுதாவிட்டால் முதல் தாளிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவள்ளூரில். ஹால் டிக்கெட் வெள்ளிக்கிழமை இரவுதான் இணையதளத்தில் ஏறியது. சனிக்கிழமை மாலை ஐந்து வரை எடுக்கலாம். ஆசிரியர்கள் அகமதிப்பெண் ஏற்றவும் அதே ஐந்து மணிதான் கெடு.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் தன் பெயரை அடித்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. ஒரே மின்னஞ்சலில் நாற்பது கணக்குகள் இருப்பதால் நாற்பதும் நிறுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் ரகசியக் கேள்விக்குப் பதில் தந்து, சொந்த மின்னஞ்சலைப் பதிந்து திறந்துகொள்ளலாம். பொது மின்னஞ்சலின் உரிமையாளர் மட்டும் கணினி மையத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

அவள் அழைத்தாள். எங்கேஜ்டு. திரும்ப அழைத்தாள். எங்கேஜ்டு.

பத்து மணிக்குள் அலுவலக வாசலில் ஆசிரியர்கள் வரிசையில் நின்றார்கள். பரீட்சைக்குப் பணம் கட்ட மாணவர்கள் நிற்கும் அதே இடம். ஒருவர் இடித்தார் என்று இன்னொருவர் கோபித்தார்.

இராமலிங்கம் முதலில் உட்கார்ந்தார். ஒரு விரலால் அடிப்பவர்.

"பிடித்த உணவு. நெய் ரோஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். தவறு என்றது.

"சார், எலுமிச்சம்பழ சாதம்."

"அது எப்படிம்மா எனக்குப் பிடிச்சதாவும்?"

"திங்கள், புதன், வெள்ளி அதான சார் கொண்டாறீங்க. டப்பாவ வழிச்சி வேற துன்றீங்க."

"பன்னண்டு வருஷமா அவகிட்ட வேணாம்னு சொல்ல முடியாம துன்னுக்கினு இருக்கேம்மா."

வரிசை சிரித்தது. எலுமிச்சம்பழ சாதத்துக்குக் கணக்கு திறந்தது.

அடுத்து வேதியியல் ஜோசப். அவருக்கு எந்த டப்பாவும் கிடையாது. சந்திரகலா "டீ" என்று எழுதியிருந்தாள்.

"டீ ஒரு உணவாம்மா?"

"வேற எதுனா நீங்க சாப்ட்டு நான் பாக்கல சார்."

இப்படியே போனது. ஒருவர் தன் பதில் உப்புமா என்று தெரிந்ததும் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை அவரவர் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொருவர் முடிந்ததும் கணினி மையத்தை அழைத்தாள். எங்கேஜ்டு.

மதியம் நூலகத்திலிருந்து மெஹர்னிசா வந்து எட்டிப் பார்த்தாள். நூலக உதவியாளர். பழவேற்காட்டுக்காரி. சந்திரகலாவைவிட ஆறு வயது மூத்தவள்.

"துன்ன வரலியா கலா?"

"நேரமில்லக்கா. எல்லாருதும் தொறந்துக்கினு போவுது. என்னுது மட்டும் பூட்டியே கீது."

"நீ ஒருத்தி. ஊருக்கெல்லாம் சாவி போட்டுட்டு ஒன் ஊட்டு வாசல்ல நில்லு."

மூன்றரைக்குக் கணவன் மணவாளன் வண்டியில் வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் காலை ஷிஃப்ட். அன்றைக்கே திருவள்ளூர் போய் நாத்தனார் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அலுவலகத்துக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"டிக்கெட்டு வந்துச்சா?"

"லைனே கெடைக்கல."

"பேஜாரா போச்சே. நேரா மெட்ராசுக்கே போயிருந்தாகூட இந்நேரம் வாங்கினு வந்திருக்கலாம்."

நாலு இருபதுக்குத்தான் லைன் கிடைத்து, கணினி மையத்தில் மணி அடித்தது. அலுவலகத் தொலைபேசியின் ரிசீவர் கெட்டுப்போய் ஆறு மாதம். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தித்தான் பேசுவார்கள். மறுமுனையில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். இங்கிருந்து பேசவும் கத்த வேண்டும். முதல்வர் வீட்டோடு பேசும்போது மட்டும் எல்லோரும் வெளியே போவார்கள்.

இளைஞன் ஒருவனின் குரல். பெயர், பிறந்த தேதி, பதிவு எண் கேட்டான். சொன்னாள்.

"ஓகே மேடம். ரகசியக் கேள்வி. உங்களுக்குப் பிடிச்ச உணவு?"

சந்திரகலா அறையைப் பார்த்தாள். இராமலிங்கம் இன்னும் போகவில்லை, மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜோசப் டீயோடு நின்றிருந்தார். கதவருகே மெஹர்னிசா. ஸ்டூலில் மணவாளன்.

அவள் பிறந்த வீடு சைவம். புகுந்த வீடும் சைவம். மாமியார் இருக்கும் வீட்டில் முட்டை ஓடு கிடந்தால்கூட வாசல் கழுவ வேண்டும்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நான் உங்களுக்கு மெயில்ல அனுப்பட்டுமா?"

"மெயில்தான் மேடம் பிளாக் ஆயிருக்கு."

"எழுதி ஃபேக்ஸ்?"

"வாய்ல சொன்னா போதும் மேடம். பின்னாடி எழுபது கால் வெயிட்டிங்."

மணவாளன் எழுந்து வந்தான். "இன்னா கலா, மறந்துட்டியா? பால் பாயசம்னு சொல்லு. அதான ஒனக்கு உசுரு."

"பால் பாயசமா மேடம்?" என்றது குரல். "அது இல்லையே. இன்னும் ஒரு தடவைதான் சொல்லலாம். அதுவும் தப்புன்னா திங்கக்கிழமை நேர்ல வரணும்."

சந்திரகலா கணவனைப் பார்த்தாள். பதினேழு தாளும் வரிசையாகக் கண்முன் வந்தன. இந்த மூன்று வருடமும் காலை நாலு மணிக்கு எழுந்து, குக்கர் விசில் போடுவதற்குள் ஒரு பக்கம், போட்ட பிறகு ஒரு பக்கம் என்று படித்தது அத்தனையும்.

"நண்டு" என்றாள்.

"சரியா கேக்கல மேடம்."

தொலைபேசிக்கு அருகில் குனிந்தாள். "நண்டு சார். நண்டு வறுவல்."

"கரெக்ட் மேடம். தொறந்தாச்சு. ஆல் தி பெஸ்ட்."

இராமலிங்கம் சுவரில் இருந்த விடுமுறைப் பட்டியலைப் படித்தார். ஜோசப் டீயை ஊதினார், அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. மெஹர்னிசா நூலகத்தில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி நடந்தாள்.

சந்திரகலா யாரையும் பார்க்காமல் அடித்தாள். ஹால் டிக்கெட் வந்தது. அச்சு எந்திரம் அதை அரை நிமிடம் இழுத்து, வெளியே தள்ளியது. மணி நாலு நாற்பது. மணவாளன் காகிதத்தை எடுத்து, படத்தைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், சட்டைப் பையில் வைத்தான்.

"கெளம்பு" என்றான்.

வண்டி பெரியபாளையம் தாண்டியது. ஒரு லாரியை முந்திய பிறகு கேட்டான்.

"எத்தினி வருஷமா?"

"நாலு."

"எங்க?"

"லைப்ரரில. பழைய பத்திரிகை அடுக்குற ரேக்குக்குப் பின்னால. மெஹர் அக்கா கொண்டாருவாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இன்னும் அந்த ஊட்ல கீறனா?"

கொஞ்ச தூரம் போனான். அவன் முதுகு குலுங்கியது. அழுகிறானோ என்று ஒரு கணம் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த வாத்தியாருங்க மூஞ்சப் பாத்தியா? நண்டுன்னு சொன்னப்போ எல்லாரும் பாடம் நடத்தப் போற மாரி நின்னாங்க."

"நீ கோவமா இல்லியே?"

"பரீட்சை எத்தினி மணி நேரம்?"

"மூணு."

"மூணு மணி நேரம் நான் திருவள்ளூர்ல இன்னா பண்றது" என்றான். பிறகு, "அங்க நல்ல மிலிட்டரி ஓட்டல் எதுனா கீதா?"

அவள் ஐந்தாண்டுத் திட்டங்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வழக்கம்போல் நழுவியது. பிடித்து இழுத்து வைத்தாள்.

மறுநாள் மூன்று மணி நேரமும் எழுதினாள். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். ஐந்தாண்டுத் திட்டக் கேள்வி பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. மூன்றாவது திட்டம் நழுவவில்லை. வெளியே வரும்போது ஆள்காட்டி விரலில் மை.

வாசலில் வேப்பமரத்தடியில் மணவாளன் நின்றிருந்தான். சட்டையில் மசாலாக் கறை. கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தான்.

"எழுதினியா?"

"இந்தத் தபா பாஸ்தான்" என்றாள். "கையில இன்னா?"

"நான் ஃபெயிலு" என்றான் அவன். "நண்டு ஓட்ட ஒடைக்கத் தெரியல."