கேரவனின் கீழ்த்தொட்டி

சினிமாக்காரர்களுக்குக் கேரவன் ஓட்டுகிறவன் என்றால் எங்கள் பக்கத்தில் தனி மரியாதை. அடைக்கலம் ஊருக்கு வந்தால் போதும், நடிகை என்ன சாப்பிடுவார், வண்டிக்குள் கட்டில் இருக்கிறதா என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். அவனும் சளைக்காமல் அளப்பான். வண்டிக்கு அடியில் ஒரு கழிவுத் தொட்டி இருப்பதையும், அதைக் கவனிப்பதுதான் தன் வேலையில் பாதி என்பதையும் மட்டும் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை.

குளிக்கிற தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் அந்தக் கீழ்த்தொட்டிக்குத்தான் போகும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் வரிசையாக விளக்குகள் உண்டு. உள்ளே சென்சாரில் அழுக்கு படிந்துபோனதால், அவன் வண்டியில் எப்போது பார்த்தாலும் பாதி என்றே காட்டும். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் அவனே ஒரு கணக்கு வைத்திருந்தான். மேல்தொட்டியில் நல்ல தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் கீழே சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கு அதுவரை அவனை ஏமாற்றியதில்லை.

போன சித்திரையில் குன்றாண்டார்கோவிலுக்கு அங்கிட்டு ஒரு பொட்டல் பாறையில் திருவிழாக் காட்சி எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும், அடைக்கலம் தன் அக்கா முனியாயியிடம் சொல்லிச் சொந்தக்காரப் பெண்களை வேனில் வரவழைத்தான். முனியாயிக்குச் சர்க்கரை. அடிக்கடி போக வேண்டும், அடக்கவும் முடியாது. செடி மறைவுகூட இல்லாத இடமாயிற்றே என்று அவள் முதலில் தயங்கினாள்.

"என் வண்டி இருக்குல்லக்கா. நீ எப்ப வந்தாலும் தொறந்து விடுறேன்" என்று வாக்குக் கொடுத்தான். நடிகையும் நல்ல மனுஷி. பெண்கள் வந்து போகட்டும் என்று சொல்லிவிட்டுப் படப்பிடிப்புக்குப் போய்விட்டார்.

முனியாயி தன் கூட வந்தவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். அடுத்தவர் புழங்குகிற இடம், சுத்தமாக விட்டுவிட்டு வர வேண்டும். உள்ளே குழாயில் நூலாக வந்த தண்ணீரை அவர்கள் நம்பவில்லை. பாறையடியில் நின்ற தண்ணீர் லாரியில் பிடித்து, ஆளுக்கொரு வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிக் கழுவினார்கள். வண்டியின் கதவு பின்பக்கம். அடைக்கலமோ முன்னால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நடுவே வந்து பார்த்தபோது மேல்தொட்டி அவ்வளவாகக் குறையவில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனான். நல்லபிள்ளைகளாக நடந்துகொண்டதுதான் அந்தப் பெண்கள் செய்த தப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது!

மத்தியானம் ஒப்பனைக்காரப் பெண் ஓடி வந்து, குளியலறைத் தரையில் அழுக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது என்றாள். அப்போதுதான் வாசலில் கிடந்த வாளிகள் அவன் கண்ணில் பட்டன. வெளியிலிருந்து வந்த தண்ணீர் அவன் கணக்கில் ஏறவே இல்லை. இனி ஒரு சொம்பு ஊற்றினாலும் உள்ளே எல்லாம் பொங்கிவிடும்.

ஆலங்குடியில் செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கும் ஆத்மநாதனுக்குப் போன் போட்டான். அவர் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டதாம். கையில் காப்போடு அந்த லாரியைத் தொட மாட்டேன் என்றார். வேறு லாரி கிடைத்தது, ஆனால் பொழுது சாயத்தான் வருமாம். வண்டியையே புதுக்கோட்டைக்கு ஓட்டிப் போகலாம் என்றால் படக் கம்பெனி மேனேஜர் ஜஸ்டின் விடவில்லை. நடிகை உடை மாற்ற வேறு இடமில்லை என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வால்வைத் திருகி அங்கேயே விட்டுவிடச் சொன்னார் லைட்காரர் ஒருவர். பாறைச் சரிவு போய் முடிவதோ ஊர் குடிக்கிற ஊருணியில். அதற்கு அவனுக்குக் கை வரவில்லை. குளியலறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியருகில் நின்றான். வந்த பெண்களையெல்லாம் தலைகுனிந்தபடி திருப்பி அனுப்பினான்.

அடுத்த காட்சிக்கு உடை மாற்ற நடிகை வண்டிக்குள் போன பிறகு, கூட்டத்திலிருந்து முனியாயி வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் வேறு எங்காவது போகக் கூடாதா என்று அவன் சாமியை வேண்டிக்கொண்டான். அவள் நேராக வந்து படியில் ஏறிவிட்டாள்.

"தொட்டி ரொம்பிப்போச்சுக்கா. உள்ள போனா பொங்கிரும்."

அவளுக்குப் புரியவில்லை. "நாங்க சுத்தமாத்தான தம்பி கழுவி விட்டோம்?" என்றாள்.

வேனில் ஏறு, ஊருக்குள் கூட்டிப் போகிறேன் என்றான். அவள் அசையவில்லை. படியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும், வருவது வரட்டும் என்று அவன் கை சாவிக்குப் போனது. அதற்குள் படி நனைந்துவிட்டது.

கம்பெனி கொடுத்த மஞ்சள் சேலை முழங்காலுக்குக் கீழே ஈரமாகி ஒட்டிக்கொண்டது. குடைக்காரர்களும் லைட்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடைக்கலம் தோளில் கிடந்த துண்டை உருவி, இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொல்லி அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிக் கீழே குனிந்து படியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"விடுக்கா."

"உள்ள இருக்குற அந்தப் புள்ள எறங்கி வரும்டா" என்றாள் நிமிராமலே. "கால் வழுக்கிறப்போகுது."