முப்பத்தாறு லட்சமும் ஒரு வாஷரும்

அடுத்தவர் வீட்டுக் குழாய்களுக்கு முப்பது வருஷமாக மண்டி போட்டவர் அவர். இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் அதிகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் வாடகை வருகிற மாதிரி ஒரு வீட்டை வாங்கிப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மகள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பே குழாய்க்காரருக்கு ஆகாது.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குடித்தனம் இருக்கிற பழைய வீடு ஒன்று அகப்பட்டது. வீட்டுக்காரர் நாற்பது லட்சம் என்றார். குழாய்க்காரர் சுவரைத் தட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மனைவி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். இரண்டு குடித்தனமும் சேர்ந்து மாதம் இருபத்து நாலாயிரம் வாடகை. அவள் கணக்கில் வருஷத்துக்குப் பத்து மாத வாடகைதான். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், ஒரு மாத வாடகையை ரிப்பேர் தின்னும். போட்ட பணம் பதினாறு வருஷத்தில் திரும்பி வர வேண்டும்.

"குழாய் எப்படி இருக்கு?"

"எல்லாம் துருப்பிடிச்ச இரும்பு. அடியோட மாத்தணும். ஒரு வருஷ வாடகை அதுக்கே போயிடும்."

"அப்ப பதினஞ்சு வருஷ வாடகைதான் விலை. முப்பத்தாறு லட்சம். அதுக்கு மேல போனா எழுந்து வந்துடுங்க."

மறுநாள் பேரம் பேசப் போன மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள். வீட்டுக்காரர் வரத் தாமதமாயிற்று. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு வருமா? கை பைக்குள் போயிற்று, புது வாஷர் ஒன்று குழாய்க்குள் போயிற்று, சொட்டு நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வீட்டுக்காரரும் தரகரும் வந்து சேர்ந்தார்கள். குழாய்க்காரர் முப்பத்தாறு என்றார்.

"குழாயெல்லாம் பழசுன்னு விலையைக் குறைக்கிறீங்களா?" என்று வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு சொட்டு சிந்துதா பாருங்க."

தரகர் குனிந்து காதோடு சொன்னார். "இன்னும் மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க, அண்ணே. முப்பத்தெட்டுக்கு முடிச்சுக்கலாம். ரெண்டு லட்சம்தானே?"

தானேயாம்! அந்த இரண்டு லட்சத்துக்கு எத்தனை வீட்டில் மண்டி போட வேண்டும் என்று தரகருக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். குழாய்க்காரர் எழுந்தார். வாசலுக்குப் போகாமல் நேரே சமையலறைக்குப் போய், குழாயைக் கழற்றித் தன் வாஷரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழையதை இருந்த இடத்திலேயே வைத்தார். குழாய் பழையபடி சொட்டத் தொடங்கியது.

"இது என்னோடது. வீடு உங்களோடது. முப்பத்தாறுன்னா கூப்பிடுங்க."

பத்து நாள் சத்தமே இல்லை.  வீடு கை நழுவிவிட்டதோ என்று குழாய்க்காரர் பயந்தார், ஆனாலும் போனை எடுக்கவில்லை. பதினோராவது நாள் வீட்டுக்காரரே கூப்பிட்டார். வரிசையில் நின்ற மூன்று பேரும் சொட்டுகிற குழாயைப் பார்த்து, மற்றக் குழாய்களையும் திறந்து பார்த்து, செந்நிறத் தண்ணீரைக் கண்டதும் நடையைக் கட்டிவிட்டார்களாம்.

"இப்ப அவர் மாட்டிக்கிட்டார். முப்பத்தஞ்சுன்னு கேளுங்க," என்றாள் மனைவி.

"கணக்குப் போட்டது நீ. அவர் மாட்டிக்கிட்டதால கணக்கு மாறிடுமா? முப்பத்தாறுன்னு சொன்னேன், முப்பத்தாறுதான்."

பத்திரம் பதிவான அன்றே அந்தச் சமையலறைக்குப் போனார். வலியோடு மண்டியிட்டு அதே வாஷரை மாட்டினார். சொட்டு நின்றது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் குழாய்க்கு மண்டி போட்டிருக்கிறார்.