வாசலில் ஒரு சீரியோ

அஜின்கோர்ட்டில் ஓர் இறுதிச்சடங்கு மண்டபத்தின் வாசலில் கதவு திறந்துவிடுபவர் அவர். தோளை விட்டு வழிகிற பெரிய கறுப்புக் கோட், நன்றாக மழித்த முகம். வெளியேறுகிற ஒவ்வொருவருக்கும் தலையைச் சாய்த்து, "சீரியோ" என்பார்.

செத்தவீட்டில் விடைபெறும்போது "போட்டு வாறன்" என்று நாங்கள் சொல்வதில்லை. பேசாமல் கிளம்பிவிட வேண்டும். அங்கே போய், வெள்ளைக்காரன் சிரித்தபடி விடைபெறுகிற சொல்லா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணை, செத்தவீட்டில சொல்லுற சொல்லே உது?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லேலாத இடம் தம்பி. சும்மா அனுப்ப எனக்கு மனமில்லை. சந்தோசமா இருங்கோ எண்டுதான் இதுக்குக் கருத்து. டிக்சனரியில பாத்தனான். இதின்ர அடியில இருக்கிற 'சியர்' எண்ட சொல்லுக்கு அந்தக் காலத்தில முகம் எண்டு அர்த்தமாம். நீங்களும் இஞ்ச முகம் பாக்கத்தானே வாறியள்?"

அவர் மண்டபத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"உள்ளுக்கு இருக்கிறவர் உங்களுக்கு என்ன முறை?"

"அண்ணன்."

"அவற்ர முகத்தைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

அண்ணன் பிக்கரிங்கில் இருந்தார். என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்.

வாசலில் நின்றவர் கதவைத் திறந்து பிடித்தார். "சீரியோ" என்றார். குத்தினாரா, ஆறுதல் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வருடமாக அண்ணனுக்கு ஃபோனில் "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் அதைச் சொல்லாமல் அவரை விட்டு வந்தேன்.