மயிலாப்பூர் வழியாக ஃப்ளாரன்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் நான், ஆவி என்றால் எனக்கு நீராவி மட்டும்தான். பேய்க்கதை சொல்கிறவர்களை முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்திருக்கிறேன். நீங்களும் என்னைக் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் கணவர் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குப் படம் வரைகிறவர். பணக்காரக் கதாநாயகி மாடிப்படி இறங்கி வருவாள் இல்லையா, அவளுக்குப் பின்னால் தங்கச் சட்டத்துக்குள் தொங்கும் இத்தாலி ஓவியமெல்லாம் இவர் கைவேலைதான். எப்போதோ பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு படப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார். அசலை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. வீடு, வாசல், வண்டி எதற்கும் அவர் வாய் திறந்ததில்லை.

அப்போதுதான் கண் போக ஆரம்பித்தது. பக்கவாட்டுப் பார்வை முதலில் போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மட்டும் மிச்சம். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் கொஞ்ச மாசம்தாம்மா. பாக்க வேண்டியதையெல்லாம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அழுதேன், அவர் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சினிமாக் கம்பெனி பாட்டு எடுக்க இத்தாலி போவதாக முடிவானது. ஆர்ட் டைரக்டர் நல்ல மனிதர், கண் விஷயம் தெரிந்துதான் இவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். ஃப்ளாரன்ஸில் இவருக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு. முதலில் திங்கட்கிழமை என்றார்கள். விசாரித்தால் அங்கே திங்களன்று ஓவியக் கூடங்களுக்கு விடுமுறையாம். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டோம்.

அந்த ஊரில் இருக்கிற கூடங்களை ஒரு நாளில் பார்க்க நல்ல கண் இருக்கிறவனே திணறுவான். இவரோ ஒரு படத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். அதனால் மூன்றே இடம், இடத்துக்கு ஒன்றே ஒன்று என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மங்கிய வெளிச்சத்தில் அவருக்கு எதுவும் தெரியாது என்பதால் காலை வெளிச்சத்திலேயே ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய கூடம், அப்புறம் சிலைகள் இருக்கும் இடம், கடைசியில் பாலம் தாண்டி அரண்மனை.

மேப்பை அவரால் படிக்க முடியாது. நான் கூடப் போகப்போவதும் இல்லை, தயாரிப்பாளர் செலவில் பெண்டாட்டிக்கு ஏது டிக்கெட்? அதனால் அந்த ஊரை அப்படியே தூக்கி மயிலாப்பூரில் வைத்துவிட்டேன். கோயில் குளம்தான் ஆறு. வடக்கு மாட வீதிப் பாத்திரக்கடை வாசல் பெரிய கூடம், சந்நிதித் தெருமுனை சிலைகள், தெற்கு மாட வீதி பாலம், குளத்தின் மேற்குக் கரை அரண்மனை. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கையைப் பிடித்துக்கொண்டு காலாலேயே வழியை மனப்பாடம் செய்தார். தெரிந்தவர்கள் நாங்கள் கோயிலைப் பிரதட்சிணம் செய்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி வீட்டுக்குப் போன் வந்தது. நான்தான் போய் எடுத்தேன். கம்பெனி ஆள்.

"அக்கா, பட்ஜெட் இடிக்குதாம். பாட்டு ஊட்டிக்கு மாறிடுச்சு. அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

ஊட்டி! கீழே இறங்கி வந்தால் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறார். "வா சாந்தா, இன்னிக்கு நீ வாயே திறக்கக்கூடாது. நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் பாரு." அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். நடந்து முடிக்கட்டும், காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று கூடவே போனேன்.

தெற்கு மாட வீதியில் காய்கறிக் கூட்டம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் காதில் விழக்கூடாதே என்று கையை விட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

தனியாகத் தெருவைக்கூடக் கடக்க முடியாத மனிதர். பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஓடினேன். குளத்துப் படியில் இறங்கித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவே நாக்கு கூசுகிறது, எப்படியோ விஷயம் தெரிந்து விழுந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பூ விற்கிறவள் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, யாரத் தேடிக்கினு கீற?"

"கண்ணு சரியாத் தெரியாதவர், வெள்ளைச் சட்டை..."

"அந்த சாரா? ஒரு அம்மா கையப் புடிச்சி இட்டுக்கினு போச்சே. உங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில் என்னை விட்டால் மாடி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் குட்டி மகள்தான். எந்த அம்மா, எந்தப் பக்கம் என்று கேட்டால் பூக்காரிக்குச் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று பொழுது சாயும்வரை அலைந்தேன். தெய்வ நம்பிக்கை இல்லாத நான் அன்றைக்குக் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசியாகக் குளத்தின் மேற்குக் கரைக்கு, அதுவரை எத்தனையோ தடவை பார்த்த அதே இடத்துக்கு, மறுபடி போனால் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். மே மாசப் புழுக்கத்தில் அவர் கை சில்லிட்டுக் கிடந்தது.

"பாத்துட்டேன் சாந்தா. மூணையும் பாத்துட்டேன். நீதான கூட்டிட்டுப் போனே?"

வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஒன்று சொன்னார். அவர் நூறு தடவை வரைந்த தாயும் குழந்தையும் படம் ஒன்று உண்டு. "நம்ம புத்தகத்துல ஓரத்தை வெட்டிட்டான். அசல்ல இடது மூலையில ஒரு நாய் படுத்திருக்கு, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிட்டு" என்றார். நான் விடுகிறவளா? நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய புத்தகத்தில் அந்தப் படம் முழுசாகக் கிடைத்தது. நம்பினால் நம்புங்கள், நாய் இருந்தது, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு.

அந்த மழைக்காலத்துக்குள் பார்வை முழுசாகப் போய்விட்டது. ஊட்டி விஷயத்தைச் சொன்னபோது, "அதனால என்ன?" என்று சிரித்தார். அப்புறம் பல வருஷம் அந்த இருட்டில் நிம்மதியாகவே இருந்தார். போன வருஷம்தான் தவறினார். அதற்குச் சில நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு உனக்கு ஏன் தலை அவ்வளவு நரைச்சிருந்தது?"

அந்த மே மாசம் எனக்கு ஒரு நரைகூடக் கிடையாது.

"நாள் பூரா அழுதுக்கிட்டே வந்தே. கடைசியில கையை விடவே மாட்டேன்னுட்டே. அப்புறம் நீயேதான் சொன்னே, 'போங்க, குளத்துக்கிட்ட நான் உங்களைத் தேடிக்கிட்டிருக்கேன்'னு."

இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகள் டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். அப்பா ஆசைப்பட்ட ஊராம், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம். என் தலை இன்றைக்கு முழுக்க வெள்ளை. பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். போய் அங்கே அவர் இல்லையென்றால் என்ன செய்வேன் என்று ஒரு பயம். இருந்துவிட்டாலோ, சாயங்காலம் நான் அந்தக் கையை விட்டுத்தானே ஆகவேண்டும்?