அந்த சாக்ஸ் சூடாக இருந்தது

டில்லியின் ஜனவரி மழையில் நனைந்து வந்த என் வீட்டுக்காரர், கம்பளி சாக்ஸைக் கழற்றி ஹீட்டர் மேலேயே போட்டுவிட்டார். வீடு முழுக்க ஈரக் கம்பளி வாடை. “ஜல்தி எடுங்க, கருகிடும்!” என்று கத்தினேன். “அச்சா, அச்சா” என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. நானே போய் எடுத்தேன். கையில் எடுத்ததும் ஆறுமுகம் ஞாபகம் வந்துவிட்டது. போன வாரம்தான் எங்கள் தமிழ் மன்றத்துச் செயலாளர் ஃபோன் செய்து, டில்லித் தமிழர் கதைகளைத் தொகுக்கிறோம், உங்கள் பட்டாளத்துக் கதையும் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கதை பிறந்த இடம் லோதி ரோடு ஆபீஸ் புல்தரை. குளிர்காலத்தில் மதியச் சாப்பாடு முடிந்தால் ஆபீஸே வெயிலுக்கு வந்துவிடும். வேர்க்கடலை, ஆரஞ்சுத் தோல், பெண்கள் கையில் பின்னல் ஊசிகள். அரசாங்க நேரத்தில் எத்தனை ஸ்வெட்டர் பின்னினோம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பஞ்சாபித் தோழிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். என் சாக்ஸில் குதிகால் எந்தப் பக்கம் என்பதைப் போடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறுமுகம் வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்திலிருந்து வந்து எங்கள் தபால் பிரிவில் சேர்ந்தவர். ஒருநாள் என் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எல்லையில சண்ட. என் பூட்ஸு ஓட்டையாகி, பனியில காலு மரத்துப் போச்சும்மா. எதிரி ஒருத்தன் வுழுந்து கெடந்தான். அவன் பூட்ஸையும் சாக்ஸையும் உருவி மாட்டிக்கினேன். கையால பின்னுன சாக்ஸு. சூடா இருந்துச்சு.” ஒரு வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே, “உசுரு இருந்துச்சா இல்லியான்னு நான் பாக்கல. பாத்திருந்தா கழட்டியிருக்க முடியாது” என்றார். “எழுதும்மா. எம் பேரு மட்டும் வாணாம்.” அதனால் ஆறுமுகம் என்பது நான் வைத்த பேர்.

எழுதினேன். மன்றத்து ஆண்டு மலர்க் குழு பதறிப்போனது. “நம்ம ஜவான் இப்படிப் பண்ணுவானா? படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க.” அச்சில் பேர் பார்க்கும் ஆசை யாரை விட்டது? மாற்றினேன். என் கதாநாயகன் தன் சாக்ஸைக் கழற்றி எதிரியின் காலில் மாட்டினான். ஆண்டு விழாவில் வாசித்தபோது முன்வரிசையே அழுதது. சால்வை போர்த்தினார்கள். வெட்கங்கெட்டுப் போர்த்திக்கொண்டேன்.

மறுநாள் ஆறுமுகம் மலரைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லாத்தான் கீதும்மா. நீ எழுதுன ஜவான எல்லாரும் கும்புடுவாங்க. நான் எங்க போறது?” அதன்பிறகு அவர் எங்களோடு புல்தரையில் உட்காரவில்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர் விலாசம்கூடத் தரவில்லை.

ஈர சாக்ஸை ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். மறுநாளே செயலாளர் ஃபோனில் இழுத்தார்: “மேடம், பழைய முடிவே அழகா இருக்கே. இப்ப காலம் வேற. எதுக்கு வம்பு?”

“அழகாத்தான் இருக்கு. பொய்யாவும் இருக்கு. போட்டா இதைப் போடுங்க. இல்லன்னா என் கதையே வேண்டாம். அந்தச் சால்வைய வேணா திருப்பி அனுப்பறேன்!”

ஃபோனை வைத்துவிட்டேன். அவர்கள் போடாவிட்டால் வேறு எங்காவது போடுவேன். அந்தப் புல்தரை இப்போது கார் நிறுத்துமிடம். வெயிலில் உட்கார்ந்து பின்னுகிறவர் யாருமில்லை. ஆறுமுகம் இருக்கிறாரா என்றும் தெரியாது. இருந்து, இது அவர் கையில் கிடைத்தால், இந்த முறை தன்னைத்தான் படிப்பார்.