அணைக்காத கம்ப்யூட்டர்

எங்கள் பிளாக்கில் அன்புச்செல்வனைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அவன் கம்ப்யூட்டரை அணைத்ததாகச் சரித்திரமே இல்லை. கரண்ட்டே தயாராகிற டவுன்ஷிப்பில் கரண்ட் எங்கே போகப்போகிறது என்ற திமிர். பஸ் டிக்கெட் மெஷினை இயக்கும் ஓஎஸ் என்ற அடிப்படை மென்பொருளை அவனும் மனைவி இளவேனிலும் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குத் தயாரித்துக் கொடுத்தார்கள். தினமும் விடியற்காலையில் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே நிரல்களையெல்லாம் கோத்துப் புது ஓஎஸ்ஸைக் கட்டும். முடிந்ததும் அன்பு எழுதிவைத்த மெசேஜ் இளவேனில் போனுக்கு வரும்: "முடிஞ்சிடுச்சி இளா. டீ போடு."

வடலூர் ரோட்டில் லாரி மோதி அவன் செத்துப்போனான். மெசேஜ் நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்றும் வந்தது. நானாக இருந்தால் போனையே தூக்கிப் போட்டிருப்பேன். இளவேனிலோ அதைப் பார்த்துத்தான் தினமும் எழுந்து, மாமியாருக்கும் தனக்கும் டீ போட்டாள்.

மாமியார் மாணிக்கம்மாள் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருந்தாள். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இருவரும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்துக்குப் போனார்கள். அன்றுதான் அந்தக் கம்ப்யூட்டரை முதன்முறையாக அணைத்தார்கள். அங்கே போய்ப் போட்டால், ஓஎஸ் பாதியில் நின்றது. பல நிரல்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஒரு லைப்ரரி கிடைக்கவில்லையாம். போனில், பாதியில் நின்றால் போவதற்கென்று அன்பு எழுதிவைத்து, அதுவரை யாரும் பார்த்திராத இன்னொரு மெசேஜ்.

"நின்னுடுச்சி இளா. தொடாத, நான் வந்து பாக்குறேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். லைப்ரரி அதே கம்ப்யூட்டரில், அன்புவின் ஃபோல்டரிலேயே இருந்தது. இருக்கும் இடத்தை அந்தப் புண்ணியவான் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு ஒருமுறை தட்டிச் சொன்னதோடு சரி. அணைத்ததும் அது மறந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் நெருக்கினார்கள்.

மாணிக்கம்மாள் தடுத்தாள். "அதத் தொடாதம்மா. வரேன்னு சொல்லிக்கினு இருக்கான் இல்ல, எம்புள்ள."

இளவேனிலுக்கும் கை வரவில்லை. தினமும் அதே மெசேஜ் வந்தது. ஒரு நாள் விடியலில் எழுந்து பார்த்தபோது தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. மாமியார் தலைக்குக் குளித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அன்புவின் தட்டு, கழுவிக் கவிழ்த்திருந்தது. பயந்துவிட்டேன் என்று இளவேனில் என்னிடம் சொன்னாள். தானும் வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்றே அந்த வரியை எழுதினாள்.

மறுநாள் போன் சத்தம் போட்டதும் மாமியார்தான் கையை நீட்டி வாங்கினாள். "முடிஞ்சிடுச்சி இளா. டீ போடு." படித்துப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்து போய், அன்றும் திறந்து வைத்திருந்த தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.